மற்றவை பூஜ்யம்

மாட்டுச் சந்தை நின்றுபோன மறு வருஷம், மழையும் இறங்காமல் வெயிலும் இறங்காமல் ஆனி மாதம் நட்டுவைத்தது மாதிரி நின்றுகொண்டிருந்தபோது, ஒட்டுப்பாறைக்குக் கவலை கேட்க ஆள் வந்தது. வந்தவர்களுக்கு வீடு வீடாகப் போகக் கால் வலித்ததால் அந்த வேலை என் கைக்கு வந்தது. என் கைக்கு வந்த ஒரே காரணத்தால் ஊர் தன் கவலையை எல்லாம் தொலைத்தது.

என் பெயர் சன்னாசி. தரகு சன்னாசி என்றால் ஏழு சந்தைக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் ஓங்கிய பிரம்பைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்துவிட்டு வெளியே வந்தவன் நான், அதற்கப்புறம் எனக்குப் பாடம் சொன்னது மாட்டு வியாபாரிகளும் அவர்களிடம் வாங்கிய அடியும்தான், எழுத்துக்கூட லாரிகளின் பின்பக்கத்தைப் படித்துப் படித்து வந்ததுதான். என் கோபத்துக்குப் பயந்து என் வீட்டுக்காரி அவள் அண்ணன் வீட்டோடு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் பேரத்தில் நான் தோற்றதில்லை. அதைச் சொல்லும்போது முன்பெல்லாம் நெஞ்சை நிமிர்த்துவேன்.

எங்கள் தொழிலில் விலையை வாய் சொல்லாது. இருவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டைப் பிடித்தால் ஒரு விலை, மூடிய முஷ்டிக்கு ஒரு விலை. முகம் இரண்டும் வேறெங்கோ வேடிக்கை பார்க்க, துண்டுக்குள்ளே சண்டை நடக்கும், கெஞ்சல் நடக்கும், கடைசியில் கை இறுகும். இறுகினால் முடிந்தது. முடிந்த பேரத்தைப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு: நான் ஏமாற்றினேன் என்று தரகனே நாலு பேர் நடுவில் நின்று சொல்ல வேண்டும். சொன்னால் பேரம் பிரியும், ஆனால் அதற்குப் பிறகு அவன் துண்டுக்குள் ஒரு மனிதனும் கைவிட மாட்டான். அப்படிச் சொன்ன தரகனை என் முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இந்த நாட்டு ஜனங்கள் எதை நினைத்து அதிகமாகக் கவலைப்படுகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு, சதவீதம் போட்டுப் பேப்பரில் வெளியிடும் ஒரு கம்பெனியிலிருந்து நிவேதா என்றொரு பெண் வந்து, இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் படிவத்தை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணா, குடும்பத் தலைவர்கிட்ட மட்டும் கேட்டாப் போதும். ஒரே கேள்விதான். உங்க பெரிய கவலை எது? ஒன்பது பதில் அச்சடிச்சிருக்கு, டிக் அடிங்க. அதுல எதுவும் இல்லைன்னா பத்தாம் நம்பர், மற்றவை. மற்றவைன்னா மட்டும் என்ன ஏதுன்னு மூணு வரி எழுதணும்."

"சரிம்மா."

"அவங்களாச் சொல்லணும்ணா. நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க."

"எனக்கேவா?" என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு வண்டி ஏறிப் போனாள். எச்சரித்துவிட்டுத்தான் போனாள், இதில் அவள் குற்றம் எதுவும் இல்லை.

முதல் வீட்டிலேயே முட்டிக்கொண்டது. கிடை போடுகிற வீரணன், நாற்பத்தேழு ஆட்டுக்குச் சொந்தக்காரன், பல்லைக் குத்திக்கொண்டே "எனக்கென்னடா கவலை, எங்க ஆட்டுக்குத்தான் கவலை" என்றான். அடுத்த வீட்டில் ஒருத்தி பதில் சொல்வதற்கு முன்னால் மாமியார் முகத்தைப் பார்த்தாள், மாமியார் மகன் முகத்தைப் பார்த்தாள், மகன் மாட்டைப் பார்த்தான். நாலு பேர் காதில் விழும்படி கவலையைச் சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் வாய் வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோளில் கிடந்த துண்டை உதறினேன். "வாயால சொல்ல வேணாம். நம்பரை வாசிக்கிறேன், விரலைக் குடு" என்றேன்.

அவ்வளவுதான், வரிசை கட்டி வந்தார்கள். ஒரு விரல் வேலையில்லாத் திண்டாட்டம், இரண்டு விலைவாசி, மூன்று ஊழல், நாலு குடிதண்ணீர், ஐந்து சட்டம் ஒழுங்கு, ஐந்துக்குமேல் ஒன்று சேர்த்தால் படிப்பு, இரண்டு சேர்த்தால் ஆஸ்பத்திரி, மூன்று சேர்த்தால் பருவநிலை, நாலு சேர்த்தால் நாட்டின் எல்லை. மூடிய முஷ்டி மற்றவை. பொம்பளைகளுக்குக் கை மேல் கை படாமல் நடுவில் துணி இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

வந்த கையெல்லாம் முஷ்டி.

பத்தாம் நம்பர், பத்தாம் நம்பர், மறுபடி பத்தாம் நம்பர். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுத வேண்டும். என் கை மாட்டின் விலாவைத் தட்டிப் பழகிய கை, பேனா அதற்குள் மீன் மாதிரி வழுக்கும். அதோடு எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு: எதிராளி சொன்ன முதல் விலையை அப்படியே ஒப்புக்கொள்ள என் விரலுக்குத் தெரியாது. டீக்கடை தங்கமாயன், துபாய்க்குப் போன மகன் போன் போட்டு எட்டு மாதமாகிறது என்பதை முஷ்டிக்குள் வைத்து நீட்டினான். "போன் வராததெல்லாம் ஒரு கவலையாய்யா? இந்த நாட்டுல எங்க போனாலும் லஞ்சம், அது உனக்குக் கவலையில்லையா?" என்று அமுக்கி மூன்றில் முடித்தேன். ஆடு ஒன்று குறைந்துவிடுமோ என்று எண்ணி எண்ணியே தூக்கம் கெட்ட வீரணனை, நாட்டின் எல்லையில் கொண்டுபோய் ஒன்பதில் நிறுத்தினேன். எனக்கே சிரிப்பாக இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். பக்கத்து வீடு என்றால் என் செத்துப்போன அண்ணன் வீடு. அங்கே ஆண்டிச்சி மதினியும் அவள் மகள் வேம்புவும். வேம்புக்குப் பத்தொன்பது வயது. ஒன்பது வயதில் வலிப்பு வந்தது, அன்றிலிருந்து மதினி அவளை அடுப்புப் பக்கம் விட்டதில்லை, கிணற்றுப் பக்கம் விட்டதில்லை, பஸ் ஏற விட்டதில்லை. குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி முத்து வைத்த கொலுசை, ஆசாரியிடம் சொல்லிப் பெரிதாகச் செய்து, பத்தொன்பது வயதுப் பெண் காலில் பூட்டியிருந்தாள். கொலுசு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் மதினி வேலை பார்ப்பாள். சத்தம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். மகள் சும்மா உட்கார்ந்து பூத் தொடுத்தாலும் ஓடுவாள்.

"என்ன கொழுந்தா, எங்கூடவும் மாட்டு பேரமா?" என்று கேலி பேசிக்கொண்டே மதினி துண்டுக்கு அடியில் கையை நீட்டினாள். முஷ்டி. இறுக மூடிய முஷ்டி.

"பத்தாம் நம்பர் வேணாம் மதினி. மூணு வரி எழுதணும்."

"அதான் என் கவலை. வேற என்ன சொல்லச் சொல்ற?"

"தக்காளி கிலோ என்ன விலை?"

"எம்பது."

"அது கவலையில்லையா?"

"அதுவும் கவலைதான். ஆனா இது..."

"ரெண்டுன்னு வைங்க."

"எழுதேம்ப்பா மூணு வரி. உனக்குத் தெரியாததா, நான் என்ன நினைச்சு ராப்பகலா..."

"மதினி, வெயிலு கொல்லுது. ரெண்டு."

உள்ளே கொலுசு சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. மதினியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து, கவனம் பிசகிய வியாபாரியை மடக்குவதுபோல, அவள் முஷ்டியைப் பிரித்து இரண்டு விரலை மட்டும் பிடித்து இறுக்கினேன். பேரம் முடிந்தது. துண்டுக்குள் ஏதோ ஒன்று, ஈரத்துணி மாதிரி, சொத்தென்று விழுந்தது. நான் உதறிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தோளில் போட்டபோது தோள் ஒரு பக்கம் இறங்கியது.

அன்றோடு இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. துண்டை ஆணியில் மாட்டினேன். ஆணி சுவரின் காரையோடு பெயர்ந்து விழுந்தது. மறுநாள் ஒட்டுப்பாறை ஒன்பது மணிவரை தூங்கியது. ஆறரை மணி பஸ் வந்து, ஹாரன் அடித்து, ஆளில்லாமல் போனது. எழுந்து வந்தவர்கள் முகமெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த முகம் மாதிரி இருந்தது. அவரவர் கவலை அவரவரை விட்டுப் போயிருந்தது, படிவத்தில் டிக் அடித்த கவலை மட்டும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அது ரொம்பப் பெரியது, ரொம்பத் தூரத்தில் இருப்பது, அதனால் யாரையும் கடிக்கவில்லை.

ஊர் இதை நாலே நாளில் பழகிக்கொண்டது. தங்கமாயன் கடையில் பெஞ்சுகள் நம்பர்வாரியாகப் பிரிந்தன. இரண்டாம் நம்பர்காரர்கள் நீள பெஞ்சில், மூன்று அடுப்போரம், எட்டாம் நம்பர் இரண்டே பேர், அவர்கள் வேப்பமரத்தடியில் நின்று வானத்தைப் பார்த்தபடியே டீ குடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரம் கேட்டுவிட்டு நம்பரையும் கேட்டார்கள். "ரெண்டாம் நம்பர் வீட்டுக்குள்ள அஞ்சாம் நம்பர் வந்தா ஒத்துப்போகுமா?" என்று ஒரு சம்பந்தம் தட்டிப்போயிற்று. குறி கேட்க ஆள் வராததால் கோடாங்கி உடுக்கையைப் பரண்மேல் போட்டுவிட்டு அவரைக்கொடி நட்டார். தலைவலி மாத்திரை தேங்கிப்போய் மருந்துக்கடைக்காரர் அதைத் திருப்பி அனுப்பினார். வீரணன் ஊருக்கு வடக்கே பாறைமேல் ஏறி, தொரட்டியைத் தோளில் சாய்த்து, வடதிசையைப் பார்த்துக் காவல் நின்றான். அவன் ஆடுகள் ஊருக்குள் புகுந்து தங்கமாயன் கடைக் கூரையின் ஓலையைத் தின்றன. தங்கமாயன் தலைமேல் வெயில் விழ விழ ஊழலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

இருபது நாள் கழித்துப் பேப்பரில் வந்தது. நாட்டின் நிலவரம் ஒரு பக்கம், மாதிரிக்கு எடுத்த ஊர்களின் பட்டியல் ஒரு பக்கம். ஒட்டுப்பாறை: விலைவாசி நாற்பத்தொரு சதவீதம், மற்றவை, பூஜ்யம். நிவேதா போன் போட்டாள். "அண்ணா, மற்றவை பூஜ்யம் வந்த ஒரே ஊர் உங்க ஊர்தான். ரொம்ப சுத்தமான வேலைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க." தங்கமாயன் அந்தப் பக்கத்தை வெட்டி, பாய்லருக்கு மேலே ஒட்டினான். ஊரே வந்து நின்று தன் சதவீதத்தைத் தொட்டுப் பார்த்தது. நானும் தொட்டேன். நாற்பத்தொன்று என்ற எண்ணில் விரல் பட்டதும் தோளில் துண்டு துள்ளியது. அந்த நாற்பத்தொன்றுக்குள் வேம்பு இருந்தாள்.

ஏனென்றால் அவர்கள் விட்டதெல்லாம் என் துண்டில் இருந்தது. விற்பவன் கேட்டதற்கும் வாங்குபவன் கொடுத்ததற்கும் நடுவில் மிஞ்சுவது தரகனுக்கு. எங்கள் தொழிலின் சட்டம் அது. கழற்றிவைத்தால் கட்டில் கால் வளைந்தது, ஆகவே தோளிலேயே போட்டுக்கொண்டு திரிந்தேன். பொழுது சாய்ந்தால் என் கண் தானாக ஆடுகளை எண்ணியது. "ஏய் வீரணா, நாப்பத்தாறுதான்டா இருக்கு! ஒண்ணு எங்கடா?" என்று பாறைக்குக் கீழே நின்று கத்துவேன். "எல்லையில ஆயிரம் பிரச்சினை, இவன் ஆட்டப் பத்திப் பேசுறான்" என்று மேலிருந்து பதில் வரும். "உனக்கு என்னதான்டா கவலை சன்னாசி?" என்று ஊரே கேட்டது. ஒருநாள் தங்கமாயன் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவன் போன் அடித்தது. நான்தான் முதலில் துள்ளி எழுந்தேன். அவன் எடுத்துக் காதில் வைத்து, "யாரு? நீயா? அப்புறம் பேசு, இங்க ஊழலைப் பத்திப் பேசிட்டிருக்கோம்" என்று வைத்துவிட்டான். எட்டு மாதத்துக்கும் மேல் கழித்து வந்த போன். கிளாஸைத் தரையில் அடித்தேன். "கூறுகெட்டவனே, உன் மகன்டா!" "அதுக்கு எதுக்குக் கிளாஸை உடைக்கிற?" என்றான் தங்கமாயன், கோபமே இல்லாமல்.

ஆனால் எல்லாவற்றிலும் கனம் மதினியுடையது. அதற்குக் காது அதிகம். எங்கே நின்றாலும் கொலுசைத் தேடும். கொலுசு சத்தம் எங்கேயும் இல்லை; வேம்பு அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டிருந்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் தோசை சுட்டாள், தண்ணீர் இறைத்தாள், இரவல் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையைச் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டப் பழகினாள். மதினி நீள பெஞ்சுக்காரர்களோடு நின்று துவரம்பருப்பு விலையைப் பேசிக்கொண்டிருந்தாள். நான் மட்டும், ஐம்பத்தாறு வயதில், இருநூறு வீட்டுக் கனத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சைக்கிளுக்குப் பின்னால் ஓடினேன்.

"எதுக்கு சித்தப்பா நாய் மாதிரி பின்னாலயே வர்றீங்க?" என்று காலை ஊன்றி நிறுத்திக் கேட்டாள்.

"சைக்கிளை உருட்டிட்டுப் போ தாயி. ஏறாத."

"அம்மாவே சும்மா இருக்கு."

"அம்மா சும்மா இல்ல. நான்தான்..." அவள் என் துண்டைப் பார்த்தாள், துண்டு சரிந்திருந்த தோளைப் பார்த்தாள். கெட்டிக்காரி.

"நீங்கதானா?" என்றாள். கொஞ்ச நேரம் கைப்பிடியில் தாளம் போட்டாள். "சரி. திருப்பிக் குடுத்துறாதீங்க. பத்து வருஷமா நான் உக்காந்தா அம்மா ஓடி வரும், தூங்குனா மூக்குல கை வச்சுப் பாக்கும். விழுந்து செத்தாலும் பரவாயில்ல, ஒருநாள் யாரும் பாக்காம நடக்கணும்னு நினைச்சிருக்கேன். இப்பத்தான் மூச்சு விடுறேன் சித்தப்பா. கெடுத்துறாதீங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை எனக்குத் தோதாக இருந்தது. அவளே வேண்டாம் என்கிறாள், பிறகென்ன? நாலு பேர் முன்னால் நின்று ஏமாற்றினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே பேரம் பேசி, அந்தப் பேரத்திலும் ஜெயித்து, இன்னும் பதினாறு நாள் ஓட்டினேன்.

பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்மாய்க் கரையின் வளைவில், எனக்கு நூறடி முன்னால், சைக்கிள் மணி அடித்தபடியே போய்க்கொண்டிருந்தது, மணி நின்றது, சைக்கிள் தானாக நாலு முழம் ஓடிச் சரிந்தது. என் துண்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. வேம்பு தண்ணீரின் ஓரச் சேற்றில் குப்புறக் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள், வாயில் சேறு. இழுத்துப் போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மதினி செய்வதைப் பத்து வருஷம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது போலவே, தலைக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு, சேற்றை விரலால் வழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு விரற்கடை தண்ணீர். நான் இழுக்கும்வரை மூக்கு அதற்குள் இருந்தது.

சந்தைப்பையோடு மதினி அந்த வழியாக வந்தாள். நின்றாள். சேற்றில் இழுத்துக்கொண்டு கிடந்த மகளைப் பார்த்தாள். ஏதோ ஒன்று ஞாபகத்துக்கு வந்து வராமல் போவதுபோல நெற்றியைச் சுருக்கினாள். பிறகு நெற்றி சரியாயிற்று.

"விழுந்துட்டாளா? எந்திரிச்சதும் வரச்சொல்லு கொழுந்தா" என்றாள். "தக்காளி தொண்ணூறு ஆயிருச்சு தெரியுமா? இந்த நாடு எங்கதான் போயிட்டிருக்கோ."

பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைக் காறித் துப்பியிருக்கிறார்கள். சந்தையில் கல்லால் அடித்திருக்கிறார்கள். அதெல்லாம் துடைத்தால் போய்விட்டது.

இழுப்பு நின்று, வேம்பு கண் திறந்து, என் மடியில் இருப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தாள் என்றேன். "என்ன சொல்லுச்சு?" நான் அவள் கன்னத்துச் சேற்றைத் துடைத்தேன். அவளை சைக்கிளில் உட்காரவைத்து வீடுவரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, நேரே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சு பெஞ்சாக ஆள் இருந்த நேரம். துண்டை எடுத்துத் தரையில் போட்டேன், புழுதி கிளம்பியது.

"நான் ஏமாத்திட்டேன்" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. நான் கத்தினேன், கத்தத்தான் எனக்குத் தெரியும். "யோவ், நான் ஏமாத்திட்டேன்யா! நீங்க எல்லாம் முஷ்டியக் குடுத்தீங்க, நான் விரலைப் பிடிச்சு முடிச்சேன். மூணு வரி எழுத உடம்பு வணங்காம முடிச்சேன். உங்க கவலை எல்லாம் இந்தத் துண்டுல கெடக்கு. வந்து எடுத்துக்கங்க."

யாரோ சிரித்தார்கள். "ஏமாத்துனா என்ன சன்னாசி, நல்லாத்தானே இருக்கோம்." "எதுக்குய்யா அதைத் திருப்பி வாங்கணும்? நீயே வச்சுக்க." எல்லையிலிருந்து டீ குடிக்க இறங்கி வந்திருந்த வீரணன், "எனக்கு வேணாம்ப்பா. முப்பது வருஷம் எண்ணியாச்சு" என்றான். சிலர் மட்டும், தொலைத்தது இன்னதென்று தெரியாமலே எதையோ தேடுகிற முகத்தோடு, குனிந்து துண்டைத் தொட்டார்கள். தங்கமாயனும் தொட்டான். தொட்ட கை அப்படியே நின்றது. எழுந்து உள்ளே ஓடினான். போனைக் கீழே போட்டான், எடுத்தான், நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தினான். "அப்பாதான்யா பேசுறேன்... அன்னிக்கி... அன்னிக்கி வச்சது நான் இல்லய்யா..." என்று அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டே துண்டை எடுத்தேன். கனம் பாதிகூடக் குறையவில்லை. நான் நடந்தபோது வழியில் நின்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தொழில் முடிந்தது.

மதினி வாசலில் அமர்ந்து வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வேம்பு கதவில் சாய்ந்து நின்றாள், தலையில் இன்னும் சேறு. நான் மண்ணில் உட்கார்ந்தேன்.

"மதினி, கையக் குடுங்க."

"மறுபடியுமா?"

"மறுபடிதான். அன்னைக்கு நான் ஏமாத்திட்டேன்."

சும்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். துண்டுக்கு அடியில் என் முஷ்டியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. கண் முதலில் மகளின் காலுக்குப் போனது, கொலுசில்லாத காலுக்கு. பிறகு தலைக்கு, சேற்றுக்கு. மற்றொரு கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்னொன்று அறைந்தாள். நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு என் முஷ்டியைப் பிடித்து இழுத்தாள்.

"குடுறா. முழுசும் குடு."

"முழுசும் வேணாம் மதினி. எனக்கும் கொஞ்சம் விடுங்க."

"என்னோடதுடா அது! அஞ்சு விரலும் எனக்கு!"

"நாலு எடுத்துக்கங்க."

"அஞ்சு!"

என் வாழ்நாளில் கேட்டிராத பேரம் அது. சுமையை விட்டுத்தர இரண்டு பேருக்கும் மனமில்லை, துணிக்குள் கை கையை நெரித்தது. அப்போது மூன்றாவதாக ஒரு கை உள்ளே வந்தது. மெலிந்த, சேறு காய்ந்த கை.

"யாரோடதுன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க?" என்றாள் வேம்பு. "விழுறது நான். எனக்கு ரெண்டு விரல் வேணும்."

"ஏண்டி..."

"ரெண்டும்மா. குறைக்க மாட்டேன்."

மதினி அழுதாள், திட்டினாள், அண்ணன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள், ஒரு விரலை விட்டாள், பிடுங்கினாள், மறுபடி விட்டாள். வெங்காயம் வாசலெல்லாம் உருண்டது. கடைசியில் முஷ்டி பிரிந்தது: மதினிக்கு இரண்டு, வேம்புக்கு இரண்டு, எனக்கு ஒன்று. வேம்பு கேட்ட தையல் வகுப்புக்கு பஸ்ஸில் போகலாம், சைக்கிள் கண்மாய்ப் பக்கம் போகக் கூடாது, கொலுசு ஒரு காலில் மட்டும். நான் தோற்ற முதல் பேரம்.

எழுந்திருக்கப் போனவன், சட்டைப் பைக்குள் மிச்சமிருந்த வெற்றுப் படிவம் ஒன்று மடங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். எடுத்து விரித்தேன். "உன்னைய நான் கேக்கவே இல்ல தாயி" என்றேன். "குடும்பத் தலைவர்கிட்ட மட்டும் கேக்கச் சொன்னாங்க."

வேம்பு துண்டுக்குள் கையை விட்டாள். ஒட்டுப்பாறையில் அதற்குப் பிறகு என் துண்டுக்குள் வந்த ஒரே கை. முஷ்டி.

"பத்தாம் நம்பர். மூணு வரி எழுதணும் சித்தப்பா."

"எழுதுறேன். சொல்லு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். மதினி உருண்ட வெங்காயங்களைப் பொறுக்க அந்தப் பக்கம் நகர்ந்திருந்தாள். வேம்பு குரலைத் தணித்துச் சொல்ல, பேனா வழுக்க வழுக்க, ஒவ்வொரு எழுத்தாக நான் எழுதினேன்:

அம்மாவுக்குப் பிறகு என்னை யார் பார்ப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

எனக்குப் பிறகு அம்மாவை யார் பார்ப்பது?

"அவ்வளவுதான்" என்றாள்.

மூன்றாவது வரி காலியாகக் கிடந்தது. நான் பேரம் பேசவில்லை. அந்த வரியில் என் பெயரை எழுதினேன்.